மீற்றர் பூச்சியம் காட்டிய வெள்ளிக்கிழமை

சுவிஸில், ஊஸ்டர் நகரில் நாங்கள் முதன்முதலாகக் குடியிருந்த வீட்டில் அடுப்பு என் கையைப் பிடித்தது. சுட்டது என்று சொல்லவில்லை. பிடித்தது என்றுதான் சொல்கிறேன். கரண்ட் அடுப்பின் கீழே இருந்த அவண் கதவைத் திறப்பதற்கு அதன் உலோகப் பிடியில் கை வைத்தேன். உள்ளேயிருந்து யாரோ என் விரல்களை மெல்ல வாங்கிக்கொண்டார்கள். பதறிக் கையை இழுத்துப் பார்த்தேன். காயமில்லை, சூட்டுத் தழும்பில்லை. அடுப்பு தன்பாட்டில் நின்றது.

அது எண்பதுகளின் பிற்பகுதி. என் கணவர் எனக்கு முன்பே வந்து, அகதி மனுக் கொடுத்துவிட்டு, ஓர் உணவகத்தின் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். நானும் கைக்குழந்தையாக இருந்த மகளும் பின்னால் வந்து சேர்ந்தோம். எங்கள் ஆட்களுக்கு வீடு கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்த காலம். நெசவாலைத் தொழிலாளருக்காக எப்போதோ கட்டிய ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தை, மேல்தளத்தில் தனியாக வாழ்ந்த வயதான சுவிஸ் அம்மா ஒருவர் எங்களுக்குத் தந்தார். வீடு தந்தவரிடம் குறை சொல்லிக்கொண்டு போகக்கூடாது என்பது என் கணவரின் முதல் கட்டளை. சுவர் பூஞ்சணம் பிடித்தாலும் சரி, யன்னல் மூட மறுத்தாலும் சரி, வாயே திறக்கக் கூடாது.

குசினித் தரையில் சிவப்புக் கல் பதித்திருந்தது. கல்லுக்குக் கீழே நேரே மண். கோடையிலும் அது ஈரமாகவே கிடக்கும். வேறு இடமில்லாததால் சாமிப் படங்களைக் குசினி அலுமாரியின் மேல்தட்டில்தான் வைத்திருந்தேன். ஆகவே அந்தக் குசினிக்குள் யாரும் செருப்போடு வரக்கூடாது என்பது என் கட்டளை. மற்ற நாட்களிலும் வெறுங்காலோடுதான் சமைப்பேன். வெள்ளிக்கிழமை என்றால் தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, தலை முழுகி, ஈரக் காலோடு வந்து அடுப்பைப் போடுவேன். அது என்னை முதலில் பிடித்ததும் ஒரு வெள்ளிக்கிழமைதான்.

என் கணவர் வேலையால் வந்ததும் சொன்னேன். தடித்த கம்பளிச் சொக்ஸோடு வந்து பிடியைத் தொட்டார், தட்டினார், தடவிக்கூடப் பார்த்தார். ஒன்றுமே இல்லை. நான் விடவில்லை. அவர் மனமில்லாமல் மேலே போய் வீட்டுக்கார அம்மாவை அழைத்து வந்தார். இந்த நாட்டுக்காரர் வீட்டுக்குள் ஃபிங்கன் என்று தடித்த கம்பளிச் செருப்புப் போடுவார்கள். அந்த அம்மாவுக்கு என் கட்டளையைச் சொல்ல எனக்கு மொழியும் இல்லை, துணிவும் இல்லை. ஃபிங்கனோடு வந்து இரண்டு கையாலும் பிடியைப் பற்றி, என்னைப் பார்த்துச் சிரித்து, “நூட்” என்றார். ஒன்றுமில்லை என்று அர்த்தம். பொய் சொல்லிப் பிடிபட்ட பிள்ளையாக நான் நின்றேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

அது எல்லா நாளும் வராது. வந்தால் காலையில், அடுப்பைப் போட்ட கையோடு வரும். கறி கொதிக்கத் தொடங்குமுன் போய்விடும். அவர் வீடு வந்து தொடும் நேரத்தில் அது போய் எவ்வளவோ நேரமாகியிருக்கும். சாதாரண நாட்களில் விரல்களில் எறும்பு ஊர்வது மாதிரி ஒரு சிலிர்ப்பு, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் முழங்கை வரை ஏறும். ஏன் வெள்ளிக்கிழமை என்று எனக்கு விளங்கவில்லை. கும்பிடுகிற நாளாகப் பார்த்து, முழுகி நிற்கிற நேரமாகப் பார்த்து வந்து பிடிக்கிறது என்றால், அது வேண்டுமென்றே செய்கிறது என்றுதானே நினைக்கத் தோன்றும்?

எனக்காக நான் அவ்வளவு பயப்படவில்லை. மகள் தவழத் தொடங்கி, கண்ட கண்டதைப் பற்றிக்கொண்டு எழும்பி நிற்கப் பார்க்கிற பருவம். அந்தப் பிடி சரியாக அவள் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது. பளபளவென்று வேறு இருந்தது. நான் பிள்ளையைத் தரையில் விடுவதையே நிறுத்தினேன். சமைக்கும்போது அவளை அறைக்குள் தலையணைகளுக்கு நடுவில் விட்டுக் கதவைச் சாத்திவிடுவேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் வீரிட்டு அழுவாள். இந்தப் பக்கம் நான் அடுப்போடு தனியாக நிற்பேன். அழுகை மேல்தளத்துக்குக் கேட்கும் என்பது எனக்குத் தெரியும்.

அப்போதுதான் மீற்றர் வந்தது. என் கணவர் ஊரில் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர், ரேடியோ திருத்தக் கூடியவர். கரண்ட் இருக்கிறதா இல்லையா என்று நீயும் நானும் ஏன் சண்டை பிடிக்க வேண்டும், மீற்றர் சொல்லட்டும் என்றார். சூரிச்சில் ஒரு கடையில் மலிவு விலைக் குவியலுக்குள் கிளறி, மஞ்சள் நிற டிஜிற்றல் மல்ரிமீற்றர் ஒன்றை வாங்கி வந்தார். ஊரில் அவர் பார்த்த மீற்றர்களில் முள் ஆடும். இதில் எண்ணே நேராக வருகிறது என்பதில் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

எனக்கு அதைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. சவர்க்காரக் கட்டியை விடக் கொஞ்சம் பெரியது. கையில் எடுத்தால் பாரமே இல்லை. நடுவில் இருந்த குமிழைத் திருப்பினால் கோட்டில் நில்லாது, இரண்டு கோட்டுக்கு நடுவில் தடுமாறிக்கொண்டிருக்கும். பற்றரி மூடியின் கொளுக்கி முதல் நாளே உடைந்து, ஒரு ரப்பர் வளையம் போட்டு இறுக்கினார். சிவப்பும் கறுப்புமான இரண்டு வயர்கள், நுனியில் ஊசிகள். வயர்கள் இடியப்பத் தும்பு மாதிரி மெலிந்திருந்தன. ஆசையை அடக்க முடியாமல் அவர் அதைத் திறந்தும் பார்த்தார். உள்ளே கறுப்புப் பசை அப்பிய ஒரு சின்னத் தட்டு, மிச்சமெல்லாம் வெறும் காற்று. இவ்வளவு வெறுமையான ஒன்று எப்படி எண் சொல்கிறது என்று நான் கேட்டேன். அதுதான் முன்னேற்றம் என்றார்.

ஒரு ஊசியை அவண் பிடியிலும் மற்றதைத் தண்ணீர்க் குழாயிலும் வைத்தார். எழுபது என்றது. உடனே பதினொன்று என்றது. பிறகு நூற்றி நாற்பது. நான் வெற்றிக் களிப்பில் அவரைப் பார்த்தேன். அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ஊசிகளை இரண்டிலும் இருந்து எடுத்து, வெறும் காற்றில் பிடித்தார். அப்போதும் எண்கள் ஓடின. எதையும் தொடாமலே ஓடின. எனக்கு அந்தச் சின்னக் கண்ணாடியைப் பார்க்கவே கூசியது. எதை எண்ணுகிறது அது?

இன்னும் வடிவாகப் பார்ப்பதற்காக நான் கிட்டப் போனேன். எண் ஏறியது. பின்வாங்கினேன், இறங்கியது. அவர் அதைக் கவனித்துவிட்டு, கிட்ட வரச் சொன்னார், தள்ளிப் போகச் சொன்னார், மீண்டும் வரச் சொன்னார். நான் வர வர ஏறியது, போகப் போக இறங்கியது. அவர் சிரித்தார்.

“கரண்ட் அடுப்பில இல்லையப்பா. உம்மிலதான் இருக்கு.”

பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் அந்தச் சொல் எனக்குள் போய்க் குந்திவிட்டது.

அடுத்த ஞாயிறு பூம்ப்ளிஸ் என்ற ஊரில் இருந்து ஓர் அக்கா வந்தார். என் கணவரோடு வேலை செய்த ஒருவரின் மனைவி. கணவர் மீற்றர் வித்தையை அவருக்கும் காட்டினார். நான் கிட்டப் போக எண் ஏறியதைக் கண்டதும் அக்காவின் முகம் மாறிவிட்டது. என்னைத் தனியே கூப்பிட்டு, எந்த நாளில் வருகிறது, முழுகிய பிறகா, தலைமயிர் விரித்தபடியா என்று குரலைத் தாழ்த்தி விசாரித்தார். வெள்ளிக்கிழமை என்று நான் சொன்னதும் வேறொன்றும் கேட்கவில்லை. இது காத்துக்கறுப்பு வேலை, பழைய வீடுகளில் என்னென்ன இருக்கும் என்று யாருக்குத் தெரியும் என்று சொல்லி, திருநீறு பூசி, கையில் நூல் கட்டிவிட்டார். இப்படியான கதைகளைக் கேட்டால் நக்கலடிக்காமல் விடாதவர் என் கணவர். அன்று பேசாமல் இருந்தார். அவர் பேசாமல் இருந்ததுதான் என்னை அதிகம் பயப்படுத்தியது.

அதற்குப் பிறகு என் நிலை மோசமாகியது. ரயிலின் கைப்பிடியைத் தொடும்போது காத்திருப்பேன், பிடிக்கப் போகிறதோ என்று. கரண்டியைத் தொடும்போது காத்திருப்பேன். அப்படிக் காத்திருப்பதே பிடித்த மாதிரித்தான் இருந்தது. ஒரு காலையில், பிள்ளை கதவுக்கு அப்பால் அழுதுகொண்டிருக்க, அடுப்பைப் பார்த்து, “உமக்கு என்ன வேணும்?” என்று மரியாதையாகக் கேட்டேன். கேட்ட குரல் என்னுடையதுதான் என்று விளங்கச் சற்று நேரம் பிடித்தது.

வீட்டுக்கார அம்மா ஒரு நாள் கேக் சுட்டுக் கொண்டு வந்தார். பிள்ளையின் கன்னத்தைத் தடவிவிட்டு, என் கணவரோடு நெடுநேரம் கதைத்தார். அவர் சொன்னதை என் கணவர் பிறகு எனக்குச் சொன்னார். பிள்ளை தரையில் விளையாட வேண்டும், நாள் முழுக்க அறைக்குள் அழக்கூடாது. தாய்க்கு மனம் களைத்திருக்கிறது. அவருக்குத் தெரிந்த நல்ல மனநல வைத்தியர் ஒருவர் சூரிச்சில் இருக்கிறார், மிகவும் அன்பானவர். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். என் கணவர் ஏற்கெனவே தலையாட்டிவிட்டு வந்திருந்தார்.

இனி என்ன நடக்கும் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. என் சொல்லை யாரும் நம்பவில்லை, சரி. ஆனால் எல்லாம் என் தலைக்குள்தான் என்று ஒரு வைத்தியர் வாயால் வந்துவிட்டால், பிள்ளையைத் தரையில் விடச் சொல்ல அவர்களுக்கு அதுவே போதும். அவளை அந்தப் பிடியிடம் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அதுவும் என் நன்மைக்காக என்று சொல்லித்தான் விடுவார்கள்.

அந்தத் திங்களுக்கு முந்திய வெள்ளிக்கிழமை என் கணவருக்கு லீவு. நான் தரையைக் கழுவி, முழுகி வந்து அடுப்பைப் போட்டேன். பிடியில் விரல் பட்டதும் முழங்கை வரை ஏறியது. கூப்பிட்டேன். மீற்றரோடு வந்தார். ஒரு ஊசியைத் தண்ணீர்க் குழாயோடு நூலால் கட்டினார். மற்றதை அவண் பிடியின் இடுக்கில் செருகினார். மீற்றரைச் சிங்க் விளிம்பில் வைத்தார். இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம்.

பூச்சியம். அதுவும் மூன்று பூச்சியங்கள், ஆடாமல் அசையாமல். நான் கிட்டப் போனேன், தள்ளிப் போனேன். மாறவில்லை. இத்தனை நாளும் வாய் ஓயாமல் உளறிக்கொண்டிருந்தது அன்று ஒரே சொல்லில் நின்றது. என் கணவரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. சோதனையில் பாஸ் பண்ணிய பெடியன் முகம்.

“இஞ்ச பாரும். சுத்தப் பூச்சியம்.”

சொல்லிவிட்டு அறைக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கி வந்தார். அவள் அழுகையை நிறுத்திவிட்டுக் கால்களை உதைத்தாள், இறங்குவதற்கு. நான் குசினி வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

“முதல் உந்தச் சொக்ஸைக் கழட்டுங்கோ. என்னைப் போல நிண்டு தொடுங்கோ. பிறகு பிள்ளையை விடுங்கோ.”

எனக்கு ஏதோ விளங்கி அப்படிச் சொன்னேன் என்று நினைக்க வேண்டாம். ஆத்திரத்தில் சொன்னேன். நான் நின்ற மாதிரி ஒரு தரமாவது நின்று பார்க்கட்டும் என்ற ஆத்திரம். அவர் பெருமூச்சு விட்டார். பிள்ளையை என் கையில் தந்தார். ஒற்றைக் காலில் நின்று சொக்ஸைக் கழற்றினார். ஈரக் கல்லில் கால் வைத்ததும் குளிருக்கு முகம் சுளித்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தபடியே பிடியை உள்ளங்கையால் பற்றினார்.

சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றுவிட்டது. கண்கள் மட்டும் மாறின. தோளில் இருந்து கை வரை நடுங்கியது, ஆனால் விரல்கள் விடவில்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. சிங்க் விளிம்பில் மீற்றர் பூச்சியம் காட்டிக்கொண்டிருந்தது. நான் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் போனேன். அவரைத் தொடவில்லை. தொட்டால் அது எங்கள் இரண்டு பேரிடமும் வரும் என்று என் உடம்புக்குத் தெரிந்திருந்தது. அவருடைய கால் வழுக்கியது. உடம்பின் பாரத்தில் கை பிடுங்குப்பட்டு, தரையில் பக்கவாட்டாக விழுந்தார்.

கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஓம்,” என்றார். “பிடிக்குது.”

நான் பயந்தேன், அழுதேன், எல்லாம் செய்தேன். ஆனால் முதலில் வந்தது சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை நான் ஏன் மறைக்க வேண்டும்?

வீட்டுக்கார அம்மா எலெக்ரீசியனை அழைத்தார். அவர் மத்தியானமே வந்தார். முதலில் எங்கள் மீற்றரைக் கையில் எடுத்து, வயர் பெட்டிக்குள் நுழையும் இடத்தை இப்படியும் அப்படியும் வளைத்தார். எண் வந்தது, போனது, வந்தது. வயரை இழுத்தார். மேல்தோல் ரப்பர் மாதிரி நீண்டது. உள்ளே செம்பு அறுந்திருந்தது. ஆரம்பத்தில் இருந்தே கொஞ்சம் கொஞ்சமாக அறுந்து வந்திருக்கிறது, அன்று முழுதாக அறுந்துவிட்டது. காற்றில் எண் ஓடுவதும் பெரிய மர்மமில்லையாம். இந்த வகை மீற்றர் சுவருக்குள் ஓடும் கரண்டின் சாயலைக்கூடப் பொறுக்கிக் காட்டுமாம், ஆள் கிட்ட வந்தால் மாறுமாம். எந்த ஆள் வந்தாலும். அக்காவைக் கிட்ட வரச் சொல்லிப் பார்க்க எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

எலெக்ரீசியனிடம் இருந்தது இரண்டு வயர் பூட்டிய ஒரு சாதாரண பல்ப். அதை அவண் பிடியிலும் குழாயிலும் வைத்து அடுப்பைப் போட்டார். பல்ப் மங்கலாகச் சிவந்தது. அடுப்பு சூடாக, மெல்ல மெல்ல அணைந்தது. உள்ளே சூடாக்கும் கம்பிச் சுருளில் ஈரம் ஏறியிருக்கிறது, காயும் வரை கரண்ட் கசிகிறது என்றார். பிறகு என் கால்களைப் பார்த்தார், ஈரத் தரையைப் பார்த்தார், வீட்டுக்கார அம்மாவின் ஃபிங்கனைப் பார்த்தார். வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

அடுத்து அடுப்பை இழுத்துப் பின்புறத்தைப் பார்த்தார். கசிகிற கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோக வேண்டிய வயர் அடுப்போடு பூட்டப்பட்டிருக்கவில்லை. அறுந்து போகவும் இல்லை. யாரோ அதைக் கழற்றி, அழகாக மடித்து, நுனியில் ஒட்டுகிற கறுப்பு ரேப் சுற்றி வைத்திருந்தார்கள். ரேப் காய்ந்து வெடித்திருந்தது. யார் செய்தது என்று எலெக்ரீசியன் வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டார். தனக்குத் தெரியாது என்றார். தெரியாதவர் முகமாகத்தான் இருந்தது.

பிறகு வீட்டுக்கார அம்மா என் கால்களைப் பார்த்து, தனக்குத் தானே பேசுவது போல ஏதோ சொன்னார். என் கணவர் ஒவ்வொரு வசனமாக எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். முன்பு இந்த வீட்டில் இருந்த இத்தாலிக்காரப் பெண்ணும் செருப்பே போடமாட்டாளாம். குசினியில் யாரோ தன் கையைப் பிடிப்பதாகச் சொல்லி அழுவாளாம். எல்லோரும் அவளோடு மிகவும் அன்பாக இருந்தார்களாம். அவளுக்கும் இதே வைத்தியரைத்தான் இந்த அம்மா பிடித்துக் கொடுத்தாராம். அங்கிருந்து அவளை ஓர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், புருஷன் வீட்டைக் காலி செய்துகொண்டு போனான், அதற்குப் பிறகு தகவல் இல்லை. கடைசி வசனத்தை மொழிபெயர்க்கும்போது என் கணவரின் குரல் இறங்கிவிட்டது.

திங்கட்கிழமை இனிப் போகத் தேவையில்லை என்றார் என் கணவர். நான் போகத்தான் வேண்டும் என்றேன். அந்தப் பெண் எங்கே இருக்கிறாள் என்று தெரிந்த ஒரே ஆள் அந்த வைத்தியர். அவள் சொன்னது உண்மை என்று அவளுக்கு யாராவது போய்ச் சொல்ல வேண்டாமா?

வைத்தியர் வீட்டுக்கார அம்மா சொன்னது போலவே அன்பானவர்தான். எழுந்து வந்து கை தந்தார். பிள்ளைக்கு ஒரு மரப் பொம்மை எடுத்துக் கொடுத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்: அடுப்பு, வயர், பல்ப், இத்தாலிக்காரப் பெண். என் கணவர் ஒன்றும் விடாமல் மொழிபெயர்த்தார். எலெக்ரீசியன் சொன்னதைத் தன் கணக்கிலும் சேர்த்துச் சொன்னார். வைத்தியர் ஒரு முறைகூடக் குறுக்கிடவில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்து, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற நோயாளிகளைப் பற்றித் தான் பேச முடியாது என்றார். பிறகு, இன்னும் மெதுவான குரலில், என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

என் கணவர் மொழிபெயர்க்க வாயெடுத்தார். என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டார்.

“எழும்பும். போவம்.”

வைத்தியர் அப்படி என்னதான் கேட்டார் என்று ஸ்டேஷன் மேடையில் வைத்து நான் விடாமல் நச்சரித்தேன்.

“அந்த இத்தாலிக்கார மனுசி எப்ப தொடக்கம் உம்மட கண்ணுக்குத் தெரியிறா எண்டு கேட்டவர்.”

அடுப்பைத் திருத்தினார்கள். மகள் அந்தச் சிவப்புத் தரையில்தான் நடை பழகினாள். நாங்கள் அந்த வீட்டில் இருந்த காலமெல்லாம் நான் வீட்டுக்கார அம்மாவிடம் அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவருக்கு ஞாபகம் வரவில்லை. அவளுடைய கையை உண்மையாகவே ஒன்று பிடித்தது என்று எவரும் அவளிடம் போய்ச் சொல்லவில்லை.